தாத்தாவின் கண்ணாடியும் ஒரு சொட்டுப் பசையும்

(உடைந்த மூக்குக்கண்ணாடியை வீட்டில் ஒட்டுவது பற்றி)



ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று ஆறாம் வகுப்பில் நாலு பேர் கலர் டிரஸ்ஸில் வந்து பிரேயரில் தனியாக நின்றது பலருக்கு ஞாபகம் இருக்கும். "டெய்லர் இன்னும் தரல சார்" என்று நாலு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அந்த டெய்லர் என் தாத்தா. அவர் தராததற்குக் காரணம் நான்.

'நீங்களே செய்து பாருங்கள்' பகுதிக்கு இந்த முறையும் யாரும் எழுதித் தரவில்லை என்று தமிழம்மா வருத்தப்பட்டார்கள். சரி, நான் செய்து பார்த்ததையே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். முதலில் தப்பாகச் செய்தது, அப்புறம் சரியாகச் செய்தது, ரெண்டுமே இதில் இருக்கிறது. தப்பாகச் செய்ததைத்தான் கொஞ்சம் அதிகமாக எழுதியிருக்கிறேன். ஏன்னா உங்களில் பாதிப் பேர் அதைத்தான் செய்வீங்க.

எங்கள் வீடு செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் தாண்டி ஒரு சந்தில் இருக்கிறது. வாசல் திண்ணையில் தாத்தாவின் தையல் மெஷின். வருஷம் முழுக்க ஜோல்னாப் பை, தலையணை உறை, கிழிஞ்ச துணி ரிப்பேர் என்று ஓடும். மே கடைசியில் இருந்து யூனிபார்ம் மட்டும்தான். அந்த வாரம் வியாழக்கிழமை சாயந்திரம், வெட்டிப் போட்ட நீலத் துணிக் குவியல் மேல் 'தொம்' என்று உட்கார்ந்தேன். கீழே 'டக்' என்று ஒரு சத்தம். துணியை விலக்கிப் பார்த்தால் தாத்தாவின் கண்ணாடி. மூக்கின் மேல் உட்காருகிற பாலம் சரியாக நடுவில் ரெண்டாக உடைந்திருந்தது. தாத்தா டீ குடிக்கப் போயிருந்தார்.

தாத்தாவின் கண்ணாடி சாதாரணக் கண்ணாடி இல்லை. அவருக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் ஆகிவிட்டது. இடது கண்ணில் ஆகவில்லை. அதனால் ஒரு பக்கம் ஒரு பவர், இன்னொரு பக்கம் வேறு பவர். இடது பக்கம் சிலிண்டர் பவரும் உண்டு. கீழ் பாதி கிட்டப் பார்வைக்கு. கடையில் அட்டையில் தொங்குகிற ரெடிமேட் கண்ணாடியில் ரெண்டு பக்கமும் ஒரே பவர்தான் இருக்கும். அது அவருக்கு உதவாது. புதுசு போட்டால் லென்ஸ் அரைத்து வர நாலைந்து நாள் ஆகும். திங்கட்கிழமை பள்ளி திறப்பு.

நாற்பது வயதுக்கு மேல் எல்லாருக்கும் கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்கும். அதற்கு நம் ஊரில் அழகான பேர் இருக்கிறது, வெள்ளெழுத்து. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயசாக ஆக விறைத்துப் போய், கிட்டப் பார்ப்பதற்காக வளைந்து கொடுக்க மறுக்கிறது. ஊசியில் நூல் கோர்க்கிற தொழிலுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். அசாமில் தேயிலை பறிக்கும் 751 பேரை வைத்து ஒரு ஆய்வு நடத்தி, 2018-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியிட்டார்கள். எல்லாரும் 40 வயது ஆனவர்கள். பாதிப் பேருக்கு மட்டும் கிட்டப்பார்வைக் கண்ணாடி கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் பறித்த இலை, கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டால் சுமார் 22 சதவீதம் கூடியது. வேறு எதுவும் மாற்றவில்லை, கண்ணாடி மட்டும்தான். தாத்தாவுக்கு நான் செய்தது இதற்கு நேர் எதிர்.

நான் என்ன செய்தேன் என்றால், யாரிடமும் சொல்லவில்லை. பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குமே, ஒரு சொட்டு விட்டால் உடனே பிடிக்கிற சின்ன ட்யூப் பசை, அதை வாங்கி வந்தேன். உடைந்த ரெண்டு முனையிலும் தாராளமாகப் பிதுக்கினேன். நிறைய விட்டால் நிறையப் பிடிக்கும் என்று நினைப்பு. சேர்த்து வைத்து முப்பது எண்ணினேன், பிடித்துக்கொண்டது. வழிந்த பசையைத் தாத்தாவின் காட்டன் வெட்டுத் துணியால் துடைத்தேன். உடனே துணி சுரீர் என்று சுட்டது, லேசாகப் புகையும் வந்தது. பயந்து கீழே போட்டேன். விரல் நுனியில் சின்னக் கொப்புளம். (இது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அதுவரைக்கும் யாரும் செய்து பார்க்காதீங்க.) ஒட்டு தெரியாமல் இருக்க பிரவுன் ஸ்கெட்ச் பேனாவால் மேலே தீட்டினேன். கண்ணாடியை அதன் பெட்டிக்குள் வைத்து, டப் என்று மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். இரவு சாப்பாடு நன்றாகவே இறங்கியது.

வெள்ளிக்கிழமை காலை தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தார். கழற்றி வேட்டியில் துடைத்தார். மறுபடி போட்டார். மறுபடி துடைத்தார்.

"என்ன தாத்தா?"

"ஒண்ணுமில்ல கண்ணு. மூட்டமா இருக்குது."

அன்றைக்கு முழுக்க அவர் பேசவே இல்லை. மத்தியானம் பாட்டியிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. "ஆபரேஷன் பண்ண கண்ணுலயே திரும்பப் பொரை வந்துடுச்சு போல. சீசன் முடியட்டும், அப்புறம் காட்டிக்கலாம். பையன் கிட்ட சொல்லாத." பையன் என்றது என் அப்பாவை. புரை ஆபரேஷன் ஆன சிலருக்குச் சில மாதமோ வருஷமோ கழித்து, உள்ளே வைத்த லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சவ்வு மங்குவது உண்டு. தாத்தாவின் கூட ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவருக்கு அப்படி ஆகியிருக்கிறது. அதனால் அவர் பயந்ததில் தப்பே இல்லை.

எனக்குத் தெரியும், அது புரை இல்லை என்று. தாத்தா குளிக்கப் போனபோது கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ரெண்டு லென்ஸிலும் பால் தெளித்த மாதிரி வெள்ளைப் படலம். வலது லென்ஸின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, கோடு கோடாக, பாஸ்போர்ட் ஆபீஸில் எடுத்த மாதிரி தெளிவாக இருந்தது. என் கட்டைவிரல்தான். தண்ணீர் விட்டேன், சோப்பு போட்டேன், போகவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். சொல்லவில்லை. சனிக்கிழமையும் அப்படியே போனது. அந்தக் கண்ணாடியோடு தாத்தா ரெண்டு சட்டை தைத்தார். ஒன்றில் பாக்கெட் கோணல். முப்பது வருஷமாகத் தைக்கிறவர்.

சனிக்கிழமை சாயந்திரம் அவர் வழக்கம்போல ஒரு கையால் கண்ணாடியைக் கழற்றினார். 'டக்'. ஒன்று அவர் கையில், இன்னொன்று மடியில். அவர் அதையே பார்த்துக்கொண்டு, "அடடா, என் கையாலயே ஒடைச்சிட்டேனே" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். தாத்தா திட்டவில்லை. முதலில் அவர் கேட்டது, "அப்போ கண்ணுல ஒண்ணும் இல்லையா?" என்றுதான்.

கதை போதும், பாடத்துக்கு வருகிறேன். இனி எழுதுவதில் பாதி தேரடித் தெருப் பக்கம் வாட்ச் ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவர் சொன்னது, மீதி பள்ளி திறந்த பிறகு நம் வேதியியல் ஆசிரியர் விளக்கியது.

நான் வாங்கிய பசையின் வேதிப்பெயர் சயனோஅக்ரிலேட். இதைக் கண்டுபிடித்தவர் ஹாரி கூவர் என்ற அமெரிக்கர். 1942-ல், இரண்டாம் உலகப்போர் நேரத்தில், ஈஸ்ட்மன் கோடக் கம்பெனியில் துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பொருள் தொட்டதில் எல்லாம் ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுத்ததால் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். 1951-ல் வேறு ஒரு ஆராய்ச்சியில் அது மறுபடியும் அகப்பட்டபோதுதான், ஒட்டுவதே இதன் குணம் என்று அவருக்கு உறைத்தது. 1958-ல் விற்பனைக்கு வந்தது. 2010-ல் அவருக்கு அமெரிக்க ஜனாதிபதி கையால் பதக்கம் கிடைத்தது. அடுத்த வருஷமே இறந்துபோனார்.

மற்றப் பசைகள் பல காய்ந்து பிடிக்கும். (நம் சுவர் இதழ் சார்ட்டை ஒட்டுகிற மைதாப் பசை அப்படித்தான், தண்ணீர் போனால் பிடிக்கும், மழைச்சாரல் அடித்தால் விட்டுவிடும்.) சயனோஅக்ரிலேட் காற்றிலும் பொருளின் மேலும் இருக்கும் ஈரத்தால் பிடிக்கிறது. லேசான ஈரம் பட்டதும் அதன் மூலக்கூறுகள் கைகோர்த்து நீளச் சங்கிலியாகி இறுகிவிடும். நம் விரலில் எப்போதும் ஈரம் இருப்பதால்தான் விரல் ஒட்டிக்கொள்கிறது. இதில் இருந்து மூன்று விஷயம் புரியும். ஒன்று, மெல்லிசாக ஒரே ஒரு சொட்டு விட்டால்தான் ஈரம் உள்ளே வரைக்கும் எட்டி முழுசாகப் பிடிக்கும். நான் விட்ட மாதிரி கொட்டினால் வெளியே இறுகி உள்ளே பச்சையாக நிற்கும். ரெண்டு, அப்படிப் பச்சையாக நிற்பது ஆவியாகிக்கொண்டே இருக்கும். மூன்று, காட்டன் துணியில் பட்டால் நூலிழைகளில் பரவி ஒரே நேரத்தில் எல்லாம் இறுகும். இறுகும்போது வெப்பம் வெளியாகும், புகை வருகிற அளவுக்கு. கம்பளியிலும் அப்படித்தான். அதனால் யூனிபார்ம் சட்டையில் துடைக்காதீங்க.

அந்த ஆவிதான் தாத்தாவைப் பயமுறுத்தியது. வெளியே வந்த ஆவி லென்ஸ் மேல் படிந்து வெள்ளையாக இறுகிவிட்டது. திறந்து வைத்திருந்தால் காற்றோடு கொஞ்சம் போயிருக்கும். நான் பெட்டிக்குள் வைத்து மூடியதால் முழுக்க லென்ஸிலேயே படிந்தது. விரல் ரேகை மட்டும் ஏன் அவ்வளவு தெளிவு? ரேகையில் வேர்வை இருக்கிறது, உப்பு இருக்கிறது, ஈரம் இருக்கிறது. அங்கேதான் ஆவி முதலில் பிடிக்கும். 1970-களின் பிற்பாதியில் ஜப்பானில் ஒரு போலீஸ் ஆய்வக ஊழியர், முடி மாதிரிகளைக் கண்ணாடித் தகட்டில் இந்தப் பசையால் ஒட்டும்போது தன் சொந்தக் கைரேகையே வெள்ளையாகத் தெரிவதைக் கவனித்தார். அதில் இருந்துதான், பொருளை மூடிய பெட்டியில் வைத்து இந்தப் பசையைச் சூடாக்கி ஆவி காட்டித் திருடனின் ரேகையை எடுக்கும் முறை உலகம் முழுக்க வந்தது. நான் தாத்தாவின் கண்ணாடிப் பெட்டியில் அதையேதான் செய்து, என்னை நானே பிடித்துக் கொடுத்துவிட்டேன். சார் இதைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது.

அடுத்தது, ஒட்டு ஏன் ரெண்டே நாளில் விட்டது? உங்கள் கண்ணாடியின் காதுக்கம்பியின் உள்பக்கம் பாருங்கள் (பிளாஸ்டிக்காக இருந்தாலும் பேர் கம்பிதான்). 50 18 140 என்ற மாதிரி மூன்று எண் இருக்கும். லென்ஸ் அகலம் 50 மி.மீ., மூக்குப் பாலம் 18 மி.மீ., காதுக்கம்பி நீளம் 140 மி.மீ. இப்போது நெம்புகோல் பாடத்தை ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். ஒரு கையால் கழற்றும்போது 140 மி.மீ. தள்ளி இருந்து இழுக்கிறோம். அந்த இழுப்பைத் தாங்க வேண்டியது சுமார் 4 மி.மீ. தடிமன் உள்ள பாலம். தோராயக் கணக்குப் போட்டால் 35 மடங்கு. கையில் 100 கிராம் அளவு இழுத்தாலும் ஒட்டின் ஓரத்தில் மூன்றரைக் கிலோ இழுப்பு. இந்த வகைப் பசை நேராக இழுத்தால் நன்றாகத் தாங்கும், ஓரத்தில் இருந்து பிளந்தால் தாங்காது, கண்ணாடி மாதிரி நொறுங்கிவிடும். அதனால் பாலம் உடைந்தால் முனையோடு முனை வைத்து ஒட்டுவதில் பிரயோஜனம் இல்லை. உள்ளே ஒரு ஆணி வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உடைந்த துண்டுகளோடு வாட்ச் ரிப்பேர் பெரியவரிடம் போனேன். அன்று கடை லீவு, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பார்த்ததுமே, "இன்னா தம்பி, சொட்டுப் பசை போட்டியா? லென்ஸோடவே போட்டியா?" என்று கேட்டுவிட்டார். அவரிடம் மாசத்துக்கு ரெண்டு பேராவது இப்படி வருவார்களாம்.

அவர் முதலில் செய்தது லென்ஸைக் கழற்றியது. ஃபிரேமை வெந்நீரில் ஒரு நிமிஷம் காட்டினால் பிளாஸ்டிக் இளகும். பின்பக்கமாகக் கட்டைவிரலால் அழுத்தினால் லென்ஸ் முன்பக்கம் வந்துவிடும். பிறகு லென்ஸை நகத்தால் தட்டிப் பார்த்தார். 'டிங்' என்று கேட்டது. "நல்லவேளை, கண்ணாடி லென்ஸு. பிளாஸ்டிக்கா இருந்தா அவ்ளோதான்" என்றார். பழைய ஆள் என்பதால் தாத்தா எப்போதும் நிஜக் கண்ணாடி லென்ஸ்தான் கேட்டு வாங்குவார். நிஜக் கண்ணாடி என்றால் அந்த வெள்ளைப் படலத்தை அசிட்டோன் கரைத்து எடுத்துவிடும். என் அக்காவின் நெயில் பாலிஷ் ரிமூவரில் அசிட்டோன் இருந்தது. பஞ்சில் தொட்டுத் துடைக்கத் துடைக்கப் படலமும் போனது, என் கட்டைவிரலும் போனது. இப்போது பெரும்பாலானவர்கள் போடுவது பிளாஸ்டிக் லென்ஸ். அதிலும் பாலிகார்பனேட் என்றால் அசிட்டோன் பட்டதும் வெடிப்பு விடும், மேலே கோட்டிங் இருந்தால் அதுவும் கெடும். அதனால் உங்கள் லென்ஸில் அசிட்டோனைத் தொடவே தொடாதீங்க. படலம் படிந்துவிட்டால் கண்ணாடிக் கடைக்குத்தான் போக வேண்டும்.

ஃபிரேம் என்ன பொருள் என்பதையும் பார்க்க வேண்டும் என்றார். தாத்தாவுடையது 'ஷெல் ஃபிரேம்', அதாவது செல்லுலோஸ் அசிட்டேட். மரக்கூழ், பருத்தி ஆகியவற்றின் செல்லுலோஸில் இருந்து செய்வது. ரிமூவரை ஒரு குச்சி நுனியில் தொட்டு, காதுக்கம்பியின் உள்முனையில் வைத்தார். ஒட்டுகிற மாதிரி பிசுபிசுத்தது. அப்படி ஆனால் அசிட்டேட். இந்த வகையில், அதே ஃபிரேமின் ஓரத்தைச் சுரண்டி எடுத்த தூளை அசிட்டோனில் ஊறவைத்தால் அதே நிறத்தில் ஒரு பசை கிடைக்கும், பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உருகிச் சேருவது போலச் சேரும் என்றார். ஆனால் முழுசாகக் காய நாள் ஆகும். எங்களுக்கு இருந்தது ஒரு ராத்திரி.

அதனால் அரால்டைட் முறை. இது எபாக்சி, ரெண்டு ட்யூபில் வரும். ஒன்று பிசின், இன்னொன்று அதை இறுக வைக்கும் பொருள். தனித்தனியாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது, சம அளவு கலந்தால்தான் இறுக ஆரம்பிக்கும். மெதுவாகப் பிடிக்கும், ஆனால் சந்து இருந்தாலும் நிரப்பிக்கொண்டு பிடிக்கும், பிளப்பதையும் கொஞ்சம் தாங்கும்.

பெரியவர் என்னையே செய்ய வைத்தார். பழைய பசையை பிளேடால் சுரண்டினேன். அரை மணி நேரம் ஆனது. வழவழப்பான இடத்தில் பசை பிடிக்காது என்று உப்புத்தாளால் தேய்க்கச் சொன்னார். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தேன். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கிற ஊரில் எந்தக் கண்ணாடியிலும் எண்ணெய் இருக்கும், எண்ணெய் இருந்தால் எந்தப் பசையும் நிற்காது. அதற்குப் பிறகு உடைந்த முகத்தை விரலால் தொடக் கூடாது. வாட்ச்சுக்குப் பயன்படுத்தும் குட்டிக் கை டிரில்லால் ரெண்டு முனையிலும் நாலு மி.மீ. ஆழத்துக்கு ஓட்டை போட்டார். இது மட்டும் அவர் செய்தது, என் கை நடுங்கியது. ஓட்டைக்குள் ஜெம் கிளிப்பில் இருந்து நறுக்கிய எட்டு மி.மீ. கம்பித் துண்டு. கம்பியையும் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டோம். ஒரு பழைய காலண்டர் அட்டையில் ரெண்டு பசையையும் பட்டாணி அளவு வைத்துத் தீக்குச்சியால் ஒரு நிமிஷம் நன்றாகக் கலந்து, ஓட்டைக்குள்ளும் முகத்திலும் தடவிச் சேர்த்தோம்.

இதற்கப்புறம்தான் முக்கியமான வேலை என்றார். ஃபிரேமைத் தட்டையான பலகை மேல் கவிழ்த்து, ரெண்டு லென்ஸ் வளையமும் ஒரே மட்டத்தில் உட்காருகிறதா என்று குனிந்து பார்த்து, அசையாமல் இருக்க ரெண்டு பக்கமும் மைதா மாவு உருண்டை வைத்து அழுத்தினோம். நான் முதல் தடவை ஒட்டியதில் இடது பக்கம் கொஞ்சம் திரும்பி நின்றிருக்கிறது. பார்த்தால் தெரியாத அளவு. ஆனால் சிலிண்டர் பவருக்கு ஒரு திசை உண்டு. லென்ஸ் 10 டிகிரி திரும்பினால் அந்தப் பவர் செய்ய வேண்டிய வேலையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், 30 டிகிரி திரும்பினால் சிலிண்டர் போட்டும் போடாத மாதிரி. (கணித ஆர்வலர்களுக்கு: சைன் 10 டிகிரியை ரெண்டால் பெருக்கிப் பாருங்கள்.) கோணல் பாக்கெட்டுக்கு மூட்டம் மட்டும் காரணம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. உங்கள் பவர் சீட்டில் 'ஆக்சிஸ்' என்ற இடத்தில் எண் எழுதியிருந்தால் உங்களுக்கும் சிலிண்டர் இருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் ஃபிரேமை ஒட்டினாலும் கடையில் ஒரு தடவை காட்டி நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிறு மத்தியானம் வைத்ததைத் திங்கள் காலை வரை தொடவில்லை. வெயில் காலத்தில் எபாக்சி சீக்கிரம் இறுகும், திருவண்ணாமலை வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இருந்தாலும் ஒரு ராத்திரி விட்டோம். காலையில் மாவு உருண்டையை எறும்பு மொய்த்திருந்தது, ஒட்டு மட்டும் கல் மாதிரி இருந்தது. மூக்கில் படுகிற பக்கத்தை மெல்லிசு உப்புத்தாளால் வழவழப்பாக்கி, வெந்நீரில் காட்டி லென்ஸைத் திரும்ப மாட்டினோம். தாத்தா போட்டுப் பார்த்தார். வெளியே போய் மலையைப் பார்த்தார். அப்புறம் கிட்டத்தில் ஊசியைப் பார்த்தார். ஒரே தடவையில் நூல் உள்ளே போனது.

கிழிந்த துணி கொண்டு வருகிறவர்களிடம் தாத்தா தவறாமல் ஒரு கதை சொல்வார். ரமண மகரிஷி மலையில் இருந்த காலத்தில் துணி கிழிந்தால் முள்ளையே ஊசியாக்கி, அந்தத் துணியில் இருந்தே நூல் உருவித் தைத்துக்கொள்வாராம். அன்றைக்கு அந்தக் கதையை என்னிடம் சொன்னார், நூறாவது தடவையாக. பெரியவர் காசு வாங்கவில்லை. அவருக்கு ஒரு ஜோல்னாப் பை தைத்துக் கொடுத்தோம்.

மற்ற உடைசல்கள் பற்றிச் சுருக்கமாக. காதுக்கம்பியின் திருகு விழுந்துவிட்டால் பசை விடாதீங்க, கீல் இறுகி மடிக்க முடியாமல் போகும். பழைய வயரில் இருந்து ஒரு மெல்லிய செம்புக் கம்பியை ஓட்டையில் நுழைத்து முறுக்கி, கூர்முனையை வெளிப்பக்கமாக மடித்துவிட்டால் கடைக்குப் போகிறவரை தாங்கும். கீல் இருக்கும் இடமே பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வந்தால் வீட்டில் ஒட்டி நிற்காது, அங்கேதான் தினமும் மடிப்பதும் விரிப்பதும் நடக்கிறது. மெட்டல் ஃபிரேம் உடைந்தால் பற்றவைக்கத்தான் வேண்டும். ரப்பர் மாதிரி வளைகிற நைலான் ஃபிரேமில் எந்தப் பசையும் சரியாகப் பிடிப்பதில்லை, வாங்கினதோடு சரி. லென்ஸே கீறல் விட்டிருந்தால் ஒட்டிப் போடவே கூடாது, கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. சொட்டுப் பசை ட்யூபும் கண் சொட்டு மருந்தும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது. புரை ஆபரேஷன் ஆனவர்கள் இருக்கும் வீட்டில் கண்டிப்பாகக் கூடாது. ராத்திரி கரண்ட் இல்லாத நேரத்தில் கைக்கு எது வருமோ தெரியாது. தப்பித் தவறிக் கண்ணில் பட்டால் இமையைப் பிரித்து இழுக்காமல், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரிமூவரைக் கண் பக்கமே கொண்டு போகக் கூடாது. விரல்கள் ஒட்டிக்கொண்டால் பயம் இல்லை, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக உருட்டினால் விட்டுவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளியில் கண் பரிசோதனை செய்து இலவசமாகக் கண்ணாடி கொடுக்கும் கண்ணொளி காப்போம் திட்டம் 2009-ல் தொடங்கியது. அப்படிக் கிடைத்த கண்ணாடி உடைந்தால் வீட்டில் திட்டுவார்கள் என்று பைக்குள் ஒளித்து வைத்துவிட்டு, போர்டு தெரியாமல் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிறவர்கள் நம் வகுப்பிலேயே ரெண்டு பேர் இருக்கிறார்கள். பேர் சொல்ல மாட்டேன். நானும் ரெண்டு நாள் ஒளித்தவன்தான்.

தாத்தாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது. மெஷினில் உட்காரும்போது மட்டும் ஒட்டியதைத்தான் போடுகிறார், அதுதான் மூக்குக்குப் பழகியிருக்கிறதாம். ரெண்டு கையாலும்தான் கழற்றுகிறார், வீட்டில் யார் ஒரு கையால் கழற்றினாலும் சத்தம் போடுகிறார். ஆறாம் வகுப்புத் தம்பிகள் நாலு பேருக்கும் செவ்வாய்க்கிழமை சட்டை வந்து சேர்ந்தது. கோணல் பாக்கெட் யாருக்குப் போனது என்று மட்டும் இன்னும் தெரியவில்லை. யாராக இருந்தாலும் சட்டையைக் கொண்டு வந்து தரவும், பிரித்துத் தைத்துத் தருவதாகத் தாத்தா சொல்லியிருக்கிறார்.

ஃபிரேம் உடைந்தவர்கள் மதிய இடைவேளையில் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு வாங்க. உப்புத்தாளும் அரால்டைட்டும் என் பையில் இருக்கு. ஓட்டை போட மட்டும் பெரியவரிடம் போகணும்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்